பள்ளிக்குள் போன் வேண்டாம், சரி. போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு என்ன வழி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அண்மையில் நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரே மூச்சில் இரண்டு முடிவுகளை வாசித்தார்கள். ஒன்று, மாணவர்கள் செல்போன் கொண்டுவந்தால் வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள், முழுப் பரீட்சை முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும், அதுவும் பெற்றோர் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால். இன்னொன்று, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குள் நடக்கிற குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டிகளுக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பிள்ளையை என் சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறேன், போக்குவரத்தில் எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்ற அர்த்தத்தில் அதை டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்தே வைத்திருந்தார்கள். பாதிப் பேர் வேலைக்குத் திரும்புகிற அவசரத்தில் இருந்தார்கள், டீ வந்தது, கூட்டம் முடிந்தது. போன் வேறு, பயணம் வேறு என்று தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். ஆனால் போட்டிக்குப் போகிற நாளில் ஒரு பிள்ளையின் மேல் இந்த இரண்டு முடிவும் ஒன்றாக வந்து விழுகிறது, அதை யாருமே பேசவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் தையல் வேலை செய்கிறவள், அந்தக் குழுவில் உறுப்பினர், என் மகள் அதே பள்ளியில் கோ-கோ விளையாடுகிறாள். பள்ளியின் பெயர் வேண்டாம். ஏனென்றால் இது ஒரு பள்ளியின் கதை இல்லை, பென்னாகரம் பக்கமும் அரூர் பக்கமும் கட்டிக் கொடுத்திருக்கும் என் உறவுக்காரப் பெண்கள் இதையேதான் சொல்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பறைக்குள் போன் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பையன்கள் கடைசி பெஞ்சில் கேம் ஆடுவதும், பெண் பிள்ளைகளைத் தெரியாமல் படம் எடுத்து ரீல்ஸ் போடுவதும், அதை வைத்து மிரட்டுவதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. ஆசிரியர் கேட்டால் அவரையே வீடியோ எடுக்கிறான். 2022-இல் பள்ளிக் கல்வி அமைச்சரே, பள்ளிக்குக் கொண்டுவரும் செல்போனைப் பறிமுதல் செய்வோம், திருப்பித் தர மாட்டோம் என்று சொன்னார். அப்போது பல பெற்றோர் கை தட்டினார்கள், நானும் அது சரி என்றுதான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான்.

ஆனால் பூட்டி வைக்கிற விஷயத்தில் எங்கள் பக்கத்துச் சங்கடம் ஒன்று இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து விதி போடுகிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஒரு பையன் போனோடு பிடிபட்டால் அப்பா வந்து நாலு திட்டு திட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போவார். ஒரு பெண் பிடிபட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னால் நடப்பதே வேறு. யாரோடு பேசினாய் என்பதில் தொடங்கி, படித்தது போதும் என்பதில் முடியும், அடுத்த வாரம் மாமன் மகன் வீட்டிலிருந்து ஆள் வரும். குழந்தைத் திருமணம் என்றாலே தருமபுரி, கிருஷ்ணகிரி என்று பத்திரிகைகளில் சேர்ந்தே வருகிற மாவட்டங்கள் இவை, நீங்களே எத்தனையோ முறை எழுதியிருக்கிறீர்கள். ஆகவே போனை வாங்கி வையுங்கள், சாயந்திரம் மணி அடித்ததும் கொடுத்துவிடுங்கள், திரும்பத் திரும்ப நடந்தால் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு டீச்சர் தனியாகப் பேசட்டும். வருஷம் முழுக்கப் பூட்டி வைப்பதில் பள்ளிக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. போன் கூடாது என்று சொல்கிற அதே பள்ளி, வீட்டுப் பாடத்தை ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறது. நாளைக்குச் சனிக்கிழமை பள்ளி உண்டா இல்லையா என்பதும் அதில்தான் வருகிறது. எங்கள் தெருவில் பல வீடுகளில் டச் போன் ஒன்றுதான், அது அப்பாவோடு பெங்களூரில் கட்டட வேலைக்கோ ஓசூர் கம்பெனி ஷிப்டுக்கோ போய்விடும். அவர் பார்த்து, ராத்திரி கூப்பிட்டுச் சொன்னால்தான் வீட்டுக்குச் செய்தி. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு என்று கடன் வாங்கிப் போன் வாங்க வைத்தவர்களும் இதே கல்வித் துறைதான். அதை இப்போது குத்திக் காட்ட வரவில்லை, ஆனால் பிள்ளைகள் மட்டும்தான் போனுக்கு அடிமையானார்கள் என்பது போலப் பேசும்போது சிரிப்பு வருகிறது.

2025-இல் டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு மாணவர் தொடர்பான வழக்கில் இதைப் பற்றி விரிவாகவே சொல்லியிருக்கிறது. பள்ளியில் ஸ்மார்ட்போனை ஒரேயடியாகத் தடை செய்வது விரும்பத்தக்கதும் இல்லை, நடைமுறைக்கு ஒத்துவருவதும் இல்லை. வகுப்பில் பயன்படுத்தக் கூடாது, படம் எடுக்கவோ பதிவு செய்யவோ கூடாது, முடிந்த இடங்களில் காலையில் வாங்கி வைத்துவிட்டு மாலையில் கொடுக்கலாம், ஆனால் பாதுகாப்புக்காகத் தொடர்புகொள்ள அனுமதிக்க வேண்டும், விதியைப் பெற்றோர், ஆசிரியரோடு கலந்து பேசி வகுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அது டெல்லிக்குச் சொன்னது, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பொழுதுபோக்குக்குப் போன், பாதுகாப்புக்குப் போன் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்களே, அந்தப் பிரிவினையைத்தான் எங்கள் ஊர்க் கூட்டத்திலும் நான் எதிர்பார்த்தேன்.

சரி, இப்போது பயணத்துக்கு வருகிறேன்.

தனியார் பள்ளி வண்டிகளுக்கு 2012-ஆம் ஆண்டு முதல் தனியாகச் சிறப்பு விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அந்த வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அவசர வழி திறக்கிறதா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, டிரைவருக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று அதிகாரிகள் பார்க்கிறார்கள், மறுநாள் உங்கள் பத்திரிகையில் படமும் வருகிறது. நல்லது. ஆனால் அரசுப் பள்ளிக்கு ஏது வண்டி? கபடி அணியோ கோ-கோ அணியோ போட்டிக்குப் போக வேண்டுமென்றால் உடற்கல்வி ஆசிரியரான பி.டி. சார் யாரையாவது பிடித்து ஒரு வேன் பேசுவார். அதற்கும் காசு பற்றவில்லை என்றால் டவுன் பஸ், அதுவும் நேரத்துக்கு இல்லை என்றால் குட்டி யானை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம் என்று வண்டி ஓட்டுகிறவருக்கும் தெரியும், செக்போஸ்ட்டில் நிற்கிறவருக்கும் தெரியும், பின்னால் நின்றுகொண்டு கத்திக்கொண்டே போகிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் அது திருவிழா. மாணவர் இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில்தான் செல்லும், போட்டி நடக்கிற ஊருக்கு அது ஆகாது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்சில் பெண் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி, பையன்களுக்கு அதுவும் கிடையாது. ரயில் என்று பார்த்தால் பாலக்கோட்டிலோ தருமபுரியிலோ ஏறலாம், ஆனால் போட்டி கிருஷ்ணகிரியில் என்றால் அந்த ஊருக்கு ரயிலே இல்லை. மாவட்டத் தலைநகராகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அது வேறு கதை.

போவது கூடப் பெரிய பிரச்சினை இல்லை, காலை வெளிச்சத்தில் போய்விடுகிறார்கள். திரும்புவதுதான். போட்டியைத் தொடங்கி வைக்கச் சிறப்பு விருந்தினர் வர வேண்டும், அவர் வரத் தாமதமாகும், வந்ததும் பொன்னாடை, அப்புறம் பேச்சு, அதுவரைக்கும் பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். முதல் ஆட்டமே பதினோரு மணிக்குத் தொடங்கினால் இறுதி ஆட்டம் முடிய இருட்டிவிடும், அப்புறம் பரிசளிப்பு. நன்றாக ஆடித் தோற்காமல் கடைசி வரை நிற்கிற அணிதான் கடைசி பஸ்சைத் தவற விடும் என்பது எங்கள் ஊர் விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற விசித்திரமான பரிசு. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மாரண்டஅள்ளி பஸ் போய்விட்டது என்று தெரிந்து, பழக்கடைக்காரரிடம் போனை வாங்கி வீட்டுக்குக் கூப்பிட்ட பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கடைக்காரர் நல்ல மனிதர், கொடுத்தார். அம்மா போனை எடுக்காமல் போயிருந்தால், தெரியாத நம்பர் என்று அப்பா கட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போதைய பிள்ளைகளுக்கு யார் நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாம் போனுக்குள்தான் இருக்கிறது.

அதோடு பஸ்சை விட்டு இறங்கியதும் வீடு வந்துவிடாது. எங்கள் பக்கம் ரோட்டிலிருந்து ஊருக்குள் நடக்க வேண்டிய தூரம் உண்டு, யானை நடமாட்டம் உண்டு. 2023-இல் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தது நாடு முழுக்கச் செய்தியானது. யானையைக் கொல்கிற வேலி இருட்டில் நடந்து வருகிற பிள்ளையைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளுமா? அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் இந்தப் பயம் இன்னும் அதிகம். வனத் துறையே அங்கே இருட்டிய பிறகு வெளியே போகாதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறது.

இந்த இடத்தில் 2024-ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில், என்.சி.சி. முகாம் என்று பொய் சொல்லி ஒருவன் நடத்திய முகாமில் மாணவிகளுக்கு நடந்த கொடுமை அந்த ஆகஸ்ட்டில் வெளியே வந்தது. பிள்ளைகள் பள்ளிக் கூடத்துக்குள்ளேயே இரவு தங்கினார்கள், பெற்றோர் நம்பி அனுப்பினார்கள், முகாமே போலி என்று பிறகுதான் தெரிந்தது. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். அந்த ராத்திரி ஒரு பிள்ளை கையில், ஒரு பட்டன் போனாவது இருந்திருந்தால், வீட்டுக்குப் பேச ஒரு வழி இருந்திருந்தால் என்று எங்கள் பக்கத்தில் பேசாத தாய் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098, மாணவர் உதவி எண் 14417 என்று பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. எழுதுங்கள், நல்லதுதான். அந்த நம்பரைக் கூப்பிடவும் ஒரு போன் வேண்டுமே.

வேறு மாதிரி ஓர் உதாரணமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் பஞ்சாபில் பல்கலைக்கழகக் கபடிப் போட்டிக்குப் போன நம் தமிழ்நாட்டுப் பெண்கள் தாக்கப்பட்டார்கள். ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி நடந்தது, அன்றைக்கே ஊருக்குத் தெரிந்தது, அரசு தலையிட்டது, பிள்ளைகளைப் பத்திரமாகத் திருப்பி அழைத்து வந்தார்கள். எப்படித் தெரிந்தது? யாரோ கையில் இருந்த போனில் எடுத்த வீடியோவால்தான். பர்கூரையும் பஞ்சாபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போன் கெடுக்கும் என்பது எவ்வளவு உண்மையோ போன் காப்பாற்றும் என்பதும் அவ்வளவு உண்மை என்று தெரிகிறது. இதைச் சொன்னால் நான் பிள்ளைகளுக்குப் போன் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறேன் என்று திரித்துவிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் வேண்டாம். அணிக்கு ஒன்று போதும்.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது கூட வருகிற ஆசிரியரின் சொந்த போன் அல்லாமல், அணித் தலைவியிடமோ தலைவனிடமோ ஒரு பட்டன் போன் இருக்கட்டும். கேமரா இல்லை, இன்டர்நெட் இல்லை, கேம் இல்லை, ஆகவே பள்ளியின் தடைக்கும் அதற்கும் சண்டை இல்லை. அதில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நம்பரும் இருக்கட்டும், அப்பா நம்பர் மட்டும் இல்லை, வீட்டில் இருக்கிறவர்களின் நம்பர். ஆசிரியரிடம் போன் இருக்கிறதே, பிறகு எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவர் போனில் சார்ஜ் தீர்ந்தால்? அவர் ஒரு பிள்ளைக்குக் கால் பிசகியது என்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால்? சொல்ல வேண்டியதே அந்த ஆசிரியரைப் பற்றியதாக இருந்தால்? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு மாதிரி அமைதி. எந்த ஆசிரியரையும் நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பர்கூருக்குப் பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டால் எப்போது கேட்பது?

அப்புறம் அந்தத் தாள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதில் வண்டி நம்பர், டிரைவர் பெயர், யார் கூடப் போகிறார்கள், பெண் பிள்ளைகளோடு எந்த டீச்சர் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், தங்கினால் எந்த இடத்தில், இதெல்லாம் பள்ளி எழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எங்களுக்குத் தர வேண்டும். இப்போது இருக்கிற தாளில் எங்கள் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. பொறுப்பல்ல என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் பொறுப்பு போய்விடும் என்று யார் இவர்களுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பள்ளி நேரத்தில், பள்ளிச் சீருடையில், பள்ளியின் பெயரைச் சொல்லி ஆடப் போகிற பிள்ளை பள்ளியின் பொறுப்பில் இல்லாமல் பின் யார் பொறுப்பில் இருக்கிறது?

இரவுப் பயணத்துக்கும் ஒரு கோடு போட வேண்டும். கேரளாவில் 2022 அக்டோபர் 5-ஆம் தேதி இரவு, பள்ளி மாணவர்களை ஊட்டிக்குச் சுற்றுலா கூட்டி வந்த பஸ் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் அரசு பஸ்சின் பின்னால் மோதியது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசு பஸ்சில் வந்த மூன்று பேர் என்று ஒன்பது உயிர் போனது. பள்ளிச் சுற்றுலா வண்டிகள் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஓடக் கூடாது என்பதை அதற்குப் பிறகு அங்கே கண்டிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நமக்கும் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலத்துக்கோ மதுரைக்கோ மாநிலப் போட்டிக்குப் போகிற எந்த வண்டியும் அந்த இறக்கத்தில்தான் இறங்க வேண்டும், 2024 ஜனவரியில் அங்கே லாரிகள் மோதித் தீப்பிடித்து நான்கு பேர் இறந்த காட்சியை டிவியில் பார்க்காதவர் யார்? ராத்திரி முழுக்க ஓட்டி, விடியற்காலை போய்ச் சேர்ந்து, தூங்காத கண்ணோடு காலையில் ஆடு என்றால் பிள்ளை எப்படி ஆடும்? முதல் நாளே பகலில் கிளம்பினால் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்க வேண்டும், செலவு. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் ராத்திரி வேன்.

செலவு என்றதும் பி.டி. சார்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அது பாவம். இந்தப் பக்கத்தில் விளையாட்டு கொஞ்சமாவது உயிரோடு இருப்பது அவர்கள் கைக்காசால்தான். வேன் வாடகை, பிள்ளைகளுக்குத் தக்காளிச் சாதப் பொட்டலம், முட்டிக்குக் கட்டுத் துணி, எல்லாவற்றையும் முதலில் அவர்கள் போட்டுவிட்டு, பிறகு பில்லோடு அலைகிறார்கள். போட்டி நாளில் மதிய உணவும் பிள்ளைகளுக்குக் கிடையாது, அது பள்ளியில்தான் வேகும். இந்த மனிதர்களின் மேல் இன்னொரு தாளையும் இன்னொரு போனையும் சுமத்துகிறேன் என்று தோன்றலாம். எனக்கென்னவோ அது அவர்களுக்குப் பாதுகாப்பு என்றுதான் படுகிறது. ஏதாவது நடந்தால் எச்.எம். மேடத்தை யாரும் கேட்பதில்லை, முதலில் மாட்டுகிறவர் பி.டி. சார்தான்.

மேலிருந்து வருகிற தகவலின் லட்சணத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 2023-இல் பள்ளிகளுக்கான தேசிய விளையாட்டுப் போட்டிக்குத் தமிழ்நாட்டிலிருந்து அணிகளே போகாமல் போனது, தகவல் உரிய நேரத்தில் கை மாறவில்லை என்று பெரிய சர்ச்சையானது. வருஷம் முழுக்க ஓடிப் பழகிய பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து பேப்பரில் படித்தார்கள். அந்த அதிகாரிகள் யாரிடமும் போனைப் பறிமுதல் செய்திருக்கவில்லை.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரும் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளரும் இதைப் படித்தால் ஒரு கோரிக்கை. இது ஒவ்வொரு பள்ளியும் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கிற விஷயமாக இருக்க வேண்டாம், இந்த வருஷக் குறுவட்டப் போட்டிகள் தொடங்கும் முன் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒரே மாதிரி ஒரு சுற்றறிக்கை வரட்டும். மாலை ஐந்து மணிக்குள் ஆட்டம் முடிய வேண்டும், முடியாவிட்டால் மறுநாள் என்று அதில் ஒரு வரி சேருங்கள். சிறப்பு விருந்தினர் தாமதமானால் அவர் வராமலே விசில் ஊதலாம் என்றும் ஒரு வரி சேர்த்தால் மகிழ்ச்சி, சேர்க்க மாட்டீர்கள் என்று தெரியும்.

எங்கள் கூட்டத்தில் கடைசியாக எழுந்த சந்தேகம், அந்த பட்டன் போனுக்கு ரீசார்ஜ் யார் போடுவது, அதற்கு எந்தக் கணக்கில் செலவு எழுதுவது என்பது. எந்தக் கணக்கிலும் எழுத வேண்டாம். போனையும் நாங்களே வாங்கித் தருகிறோம், ரீசார்ஜும் அம்மாக்கள் பங்கு போட்டுச் செய்கிறோம். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டாமல் அணியோடு அனுப்புகிறோம் என்று பள்ளி எழுதிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தாய்,
மாரண்டஅள்ளி, தருமபுரி மாவட்டம்.